சிலிகா: முகத்துவாரம் திறந்த பிறகு

2000ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி, ஒடிசாவில் சிப்பகுடா என்ற இடத்தில், சிலிகா ஏரியையும் வங்காள விரிகுடாவையும் பிரித்துக்கொண்டு கிடந்த மணல்திட்டை வெட்டித் திறந்துவிட்டார்கள். அதற்கு முந்தைய நிதியாண்டில், அதாவது 1999-2000இல், ஏரியில் பிடிபட்ட மீன், இறால், நண்டு எல்லாம் சேர்த்து 1,745 டன். வெட்டிய ஆண்டில் 4,983 டன். அதற்கடுத்த ஆண்டு 11,989 டன். ஈரநிலங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் கூடும் இடங்களில் இந்த மூன்று எண்களும் தவறாமல் வந்துவிடும். வர வேண்டியதும்தான். கெட்டுப்போன ஒரு நீர்நிலை கண்ணெதிரே எழுந்து நின்ற கதைகள் நம் நாட்டில் அதிகம் இல்லை.

ஆனால் வெட்டினார்கள், மீன் வந்தது என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டால் அந்த ஏரியை நாம் புரிந்துகொள்ளவே இல்லை என்று ஆகும். ஏன் அடைத்தது, எதை வைத்து அந்த இடத்தில் வெட்டலாம் என்று முடிவு செய்தார்கள், வெட்டிய பிறகு எது சரியானது, எது இன்றுவரை சரியாகவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பழவேற்காட்டை அறிந்தவர்களுக்கு இதில் சொந்த அக்கறையும் இருக்கும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஏரி என்று சொன்னாலும்

சிலிகா பூரி, குர்தா, கஞ்சாம் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிற உவர்நீர்க் காயல். மழைக்காலத்தில் சுமார் 1,165 சதுர கிலோமீட்டர் விரியும். கோடையில் 906 சதுர கிலோமீட்டராகச் சுருங்கும். இவ்வளவு பெரிய பரப்புக்கு ஆழம் மிகக் குறைவு; பல இடங்களில் இறங்கி நின்றால் இடுப்பளவு தண்ணீர்தான். வடக்கே மகாநதியின் கிளைகளான தயா, பார்கவி, நூனா ஆகியவை வந்து விழுகின்றன. மேற்கே குன்றுப் பகுதிகளிலிருந்து ஏராளமான சிற்றாறுகளும் ஓடைகளும் இறங்குகின்றன. பெரியதும் சிறியதுமாக 52 என்று கணக்குச் சொல்வார்கள். கிழக்கே ஒரு நீண்ட மணல்திட்டு; அதற்கு அந்தப் பக்கம் கடல்.

இதில் உப்பின் அளவு இடத்துக்கு இடம் மாறும், மாதத்துக்கு மாதம் மாறும். ஆறுகள் விழும் வடக்குப் பகுதி மழைக்காலத்தில் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். கடலை ஒட்டிய வெளிக்கால்வாய்ப் பகுதி கோடையில் கடல் அளவுக்கே உப்பாக இருக்கும். நடுப்பகுதி இரண்டுக்கும் இடையில் ஊசலாடும். தெற்குப் பகுதியில் மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும். ஆகவே ஒரே ஏரிக்குள் நாணல் காடும் இருக்கிறது, கடற்புல் மேடையும் இருக்கிறது. நன்னீர்க் கெண்டை இனங்களும் கடல் மீன்களும் ஒரே நாளில் ஒரே படகுத்துறைக்கு வருகின்றன.

இந்தக் கலவைதான் சிலிகாவின் உயிர். உப்பு கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. ஆண்டுக்கொருமுறை அது ஏறி இறங்க வேண்டும். அந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான் அங்குள்ள ஒவ்வொரு உயிரும் தன் வாழ்க்கையை அமைத்துக்கொண்டிருக்கிறது.

ஓர் இறால் குஞ்சை எடுத்துக்கொள்வோம். தாய் இறால் முட்டையிடுவது கடலில். பொரித்து வரும் குஞ்சு சில வாரங்களில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். உடம்பு கண்ணாடி போல இருக்கும். கையில் தண்ணீரோடு அள்ளிப் பார்த்தால் இரண்டு கரும்புள்ளிகள் மட்டும் நகர்வது தெரியும், அவை கண்கள். எதிர்நீச்சல் போட அதற்குச் சக்தி கிடையாது. ஏற்றத்தண்ணீர் முகத்துவாரம் வழியாக உள்ளே தள்ளிக்கொண்டு போனால்தான் உண்டு. உள்ளே போனால் புல்லுக்கடியில் ஒளிந்து, சேற்றில் மேய்ந்து, சில மாதங்களில் பெரிதாகி, மீண்டும் அதே வாய் வழியாகக் கடலுக்குப் போகும். மடவையும் அப்படித்தான்: வளர்வது ஏரியில், முட்டையிடப் போவது கடலுக்கு. சேற்று நண்டில் பெண் நண்டு முட்டையோடு கடலைத் தேடிப் போகும். அங்கு கரை சேரும் விலைபோகும் சரக்கில் பெரும்பங்குக்கு இந்த வாய்தான் வழி. வாய் அடைத்தால் ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கும், குஞ்சு இருக்காது.

அங்கே யார் யார் இருக்கிறார்கள்

சிலிகா என்றதும் எல்லோரும் பறவைகளைத்தான் சொல்வார்கள். காஸ்பியன் கடல் பக்கம், பைக்கால் ஏரி, மங்கோலியா, சைபீரியா, லடாக் என்று பல திசைகளிலிருந்தும் குளிர்காலத்தில் வந்து இறங்குகின்றன. சமீப ஆண்டுகளின் ஜனவரிக் கணக்கெடுப்புகளில் மொத்த எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து, தட்டைவாயன் வாத்து ஆகியவை பெருங்கூட்டங்கள். பட்டைத்தலை வாத்தும் பூநாரையும் அவற்றோடு இருக்கும். ஏரிக்கு நடுவில் இருக்கிற நளபன தீவு 15.53 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பறவைகள் சரணாலயம், 1987இல் அறிவிக்கப்பட்டது. தீவு என்றாலும் மழைக்காலம் முழுதும் தண்ணீருக்கடியில் கிடக்கும். மழை ஓய்ந்து நீர் வடிய வடியச் சேறும் களைச்செடிகளும் வெளியே வரும், அதே நேரத்தில் வாத்துகளும் வந்து சேரும். ஆண்டுதோறும் மூழ்கி எழுவதால் அங்கே யாரும் குடியேறவும் முடியவில்லை, உழவும் முடியவில்லை. சட்டப் பாதுகாப்புக்கு முன்பே தண்ணீர் அந்த இடத்தைக் காத்துவந்திருக்கிறது.

கூட்டத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு பறவையை உற்றுப் பார்த்தால் இந்தச் சேறு எவ்வளவு பெரிய சொத்து என்று புரியும். கருவால் மூக்கன் என்று ஒரு கரைப்பறவை. நீண்ட நேரான அலகு, அடிப்பகுதி இளஞ்சிவப்பு, நுனி கருமை. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு அலகை வேர் வரைக்கும் சேற்றில் இறக்கும், சில நேரம் முகமும் தண்ணீருக்குள் போய்விடும். அந்த நுனியில் தொடு உணர்வு மிக அதிகம். உள்ளே புழுவோ சிறு சிப்பியோ தட்டுப்பட்டால், அலகு முழுவதையும் பிளக்காமல் நுனியை மட்டும் திறந்து கவ்வ அதனால் முடியும். கண்ணால் பார்க்காமலே இரை தேடும் பறவை அது. சேறு இறுகிப்போனாலோ, மேலே பாசி படர்ந்து மூடிக்கொண்டாலோ, தண்ணீர் நான்கு விரல்கடை கூடிவிட்டாலோ அதற்குச் சாப்பாடு இல்லை. பறவைகளைக் காப்பது என்றால் முதலில் தண்ணீர் மட்டத்தைக் காக்க வேண்டும்.

ஓங்கில்களுக்கு, அதாவது டால்பின்களுக்கு, வருவோம். ஐராவதி ஓங்கில் என்ற இனம் இங்கே வாழ்கிறது; சுமார் 150. உலகில் இவை காயல் நீரில் நிலையாக வாழும் இடங்கள் மிகச் சில. மழுங்கிய உருண்டைத் தலை, மற்ற ஓங்கில்களுக்கு இருப்பதுபோல் நீண்ட மூக்கு இல்லை, முதுகுத் துடுப்பும் சின்னது. நீரைவிட்டுத் துள்ளிக் குதிப்பதும் அபூர்வம். மூச்சுவிட மேலே வரும்போது ஒரு சாம்பல் நிற முதுகு வளைந்து மறையும், அவ்வளவுதான். ஓங்கில் பார்க்கச் சதபாடா படகுத்துறைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் சிலர் ஏமாந்து திரும்புவது இதனால்தான்.

நாணல் காட்டுக்குள் மீன்பிடிப் பூனை இருக்கிறது. தானியங்கிக் கேமராக்களை வைத்து நடந்த கணக்கெடுப்பில் 176 பூனைகள் இருப்பதாக 2022இல் மதிப்பிட்டார்கள். சரணாலயம் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே இந்த இனத்தைக் கணக்கெடுத்தது உலகிலேயே அதுதான் முதல் முறை. ஊர்க்காரர்களும் மீனவர்களும் அந்த வேலையில் கூடவே இருந்தார்கள். பகலில் மனிதன் நாணல் வெட்டும் இடத்தில் இரவில் அது மீன் பிடிக்கிறது. சரணாலய எல்லைக்குள் மட்டும் கணக்கெடுத்திருந்தால் இந்தப் பூனைகளில் பெரும்பாலானவை யார் கண்ணிலும் பட்டிருக்காது.

பர்குடா தீவின் கால் இல்லாத அரணையை நான் விட்டுவிட மாட்டேன். 1914 முதல் 1916 வரை விலங்கியலாளர் நெல்சன் அன்னண்டேல் தலைமையில் சிலிகாவின் உயிரினங்கள் முறையாக ஆராயப்பட்டன. இந்திய விலங்கியல் ஆய்வகம் 1916இல் உருவானபோது அதன் முதல் இயக்குநரும் அவரே. அவர் 1917இல் விவரித்த உயிரி இது. பார்த்தால் பெரிய மண்புழு என்று நினைப்போம். மரத்தடி மண்ணுக்குள் புதைந்து வாழும் அரணை இனம். ஏரிக்குப் பேர் வாங்கித் தந்ததில் அதற்குப் பங்கு இல்லை, அதைப் பார்க்க யாரும் படகேறுவதும் இல்லை. ஆனாலும் இந்த ஏரியின் ஒரு சின்னத் தீவை நம்பி அறிவியலுக்கு அறிமுகமான உயிர் அது.

நோய் எப்படி முற்றியது

1981 அக்டோபரில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சிலிகா சேர்ந்தது. இந்தியாவிலிருந்து முதலில் சேர்ந்த இரண்டு ஈரநிலங்களில் ஒன்று. மற்றது ராஜஸ்தானின் கேவலாதேவ். பட்டம் கிடைத்த காலத்திலேயே ஏரி தேய்ந்துகொண்டிருந்தது. 1993இல், தன்மை கெட்டுவரும் ஈரநிலங்களுக்கென்று ராம்சர் அமைப்பு வைத்திருக்கிற மான்ட்ரோ பதிவேட்டில் சிலிகாவின் பெயர் ஏறியது.

காரணம் ஒன்றல்ல. மேற்குக் குன்றுகளில் காடு அழிந்ததால் மழைநீரோடு மண் கரைந்து வந்தது. மகாநதிக் கிளைகளும் வண்டலைக் கொண்டுவந்து வடக்கே கொட்டின. இன்னொரு பக்கம் கடலும் மணலைத் தள்ளியது. ஒடிசா கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திக்கொண்டே இருக்கும். அந்த மணல் முகத்துவாரத்தின் தெற்கு ஓரத்தில் படிந்து திட்டு நீளும். திட்டு நீள நீள வாய் வடக்கே தள்ளிப்போகும். வாய் தள்ளிப்போகப் போக ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் வெளிக்கால்வாய் நீண்டுகொண்டே போகும், நீளும் கால்வாய் தூர்ந்தும் போகும். ஏற்றத்தண்ணீர் அவ்வளவு தூரம் தாண்டி ஏரிக்குள் வருவதற்குள் வேகம் செத்துவிடும். வற்றத்தண்ணீருக்கும் வண்டலை வெளியே இழுத்துப்போகும் பலம் இருக்காது.

இப்படிக் கடல்நீர் வரத்து குறைந்ததும் ஏரியின் உப்பு குறைந்தது. உப்பு குறைந்ததும் நன்னீர்க் களைகள் பரவின. வடக்கில் நாணலும் ஆகாயத்தாமரையும் நீருக்கடியில் வளரும் பாசிச்செடிகளும் திறந்த நீர்ப்பரப்பை மூடிக்கொண்டே வந்தன. களை மக்கி மறுபடியும் சேறானது. குஞ்சுகளின் வரத்து நின்றது. மடவை, கொடுவா, புலி இறால் எல்லாம் அருகின.

இயற்கையின் பக்கம் இவ்வளவு. மனிதர்களின் பக்கம் இதைவிடக் கசப்பானது. எண்பதுகளில் இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தை கிடைத்ததும் ஏரியில் பணம் பெருகியது. தலைமுறை தலைமுறையாக இந்தச் சாதி இந்தத் துறையில், இந்த வலையோடு, இந்தப் பருவத்தில் என்று நுணுக்கமாகப் பிரித்துக்கொண்டு மீன்பிடித்துவந்த ஊர்களின் ஒழுங்கு அதில் உடைந்தது. பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் ஆழம் குறைந்த இடங்களை மண்கரை போட்டும் மூங்கில் நட்டு நைலான் வலை கட்டியும் வளைத்து இறால் வளர்த்தார்கள். அதைக் கேரி என்பார்கள். ஒவ்வொரு கேரியும் தண்ணீர் ஓட்டத்துக்கு ஒரு தடை, மீனவனுக்கு ஒரு வேலி. அரசின் கூட்டோடு வர இருந்த பெரிய இறால் பண்ணைத் திட்டம் ஒன்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மக்கள் போராட்டத்தால் கைவிடப்பட்டது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. இறால் பண்ணைகளை எதிர்த்துத் தஞ்சைக் கடலோரத்தில் போராடிய காந்தியர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் மட்டும் இல்லாமல், சிலிகா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளிலிருந்தும் 1,000 மீட்டர் தூரத்துக்குள் மரபு முறை அல்லாத இறால் பண்ணைகள் கூடாது என்று பெயர் சொல்லியே அது உத்தரவிட்டது. தீர்ப்பு வந்தும் கேரிகள் போகவில்லை. 1999 மே மாதம் ஒருநாள் மீனவர்கள் தாங்களே இறங்கிக் கேரிகளை அகற்றினார்கள். அன்றிரவு சோரானா கிராமத்தில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஏரியின் மீட்பைப் பற்றி எழுதுகிறவர்கள் 2000 செப்டம்பரிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு பதினாறு மாதம் முன்னால் இது நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

வைத்தியம்

ஒடிசா அரசு 1991இல் சிலிகா மேம்பாட்டு ஆணையத்தை அமைத்தது. வனத்துறை, மீன்வளத்துறை, நீர்வளத்துறை என்று ஆளுக்கொரு துண்டைக் கவனித்துக்கொண்டிருந்த நிலையில் ஏரி முழுவதையும் ஒரே பொருளாகப் பார்க்கும் அமைப்பு ஒன்று வந்தது. என் மதிப்பீட்டில் சிலிகாவுக்கு நடந்த முதல் நல்ல காரியம் இதுதான்.

அடுத்தது, அவர்கள் அவசரப்படவில்லை. மணலை வெட்ட வேண்டும் என்று மீனவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்தார்கள். ஆனால் எங்கே வெட்டுவது? ஏரிக்கு மிக அருகில் வெட்டினால் உப்பு அளவுக்கு மீறி ஏறலாம், புயல் அலை நேரே உள்ளே வரலாம். தூரத்தில் வெட்டினால் பயன் இல்லை. புனேயில் உள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் கணினி மாதிரிகளை வைத்துப் பல இடங்களைச் சோதித்தது. கோவாவின் தேசியக் கடலாய்வுக் கழகமும் ஆய்வுகளில் பங்கெடுத்தது. அப்படித் தேர்ந்தெடுத்த இடம்தான் சிப்பகுடா. அங்கே வெட்டியதால் கடல்நீர் ஏரிக்கு வரும் வழியில் 18 கிலோமீட்டர் மிச்சமானது. ஏரியை நோக்கிய கால்வாயையும் தூர்வாரினார்கள்.

இதே காலத்தில் மேற்கு நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஊர்களோடு சேர்ந்து மண் அரிப்பைத் தடுக்கும் வேலைகள் நடந்தன. தெற்கே ருசிகுல்யா கழிமுகத்தோடு ஏரியை இணைக்கும் பாலூர் கால்வாயையும் பின்னர் தூர்வாரினார்கள். அது குஞ்சுகளுக்கு இரண்டாவது வழி. மகாநதியின் டெல்டா தொடங்கும் இடத்தில் உள்ள நராஜ் தடுப்பணையை இயக்கும்போது சிலிகாவுக்கு எவ்வளவு நன்னீர் எந்த மாதத்தில் போய்ச்சேர வேண்டும் என்றும் கணக்குப் போட்டார்கள். இந்தக் கடைசி வேலை படம் எடுத்துப் போட முடியாத வேலை, அதனால் செய்தியில் வராது. ஆனால் கடல் வாயைத் திறந்துவிட்டு ஆற்று வாயைக் கவனிக்காமல் விட்டிருந்தால் ஏரி இன்னொரு பக்கம் சாய்ந்திருக்கும்.

பலன், அதைப் படிக்கும் விதம்

வாய் திறந்ததும் உப்பு ஏறி இறங்கும் பழைய தாளம் திரும்பியது. நன்னீர்க் களைகள் பெரும்பரப்பில் பின்வாங்கின. கடற்புல் விரிந்தது. ஓங்கில்கள் வெளிக்கால்வாயை விட்டு நடுப்பகுதியிலும் தென்படத் தொடங்கின. 2002 நவம்பரில் மான்ட்ரோ பதிவேட்டிலிருந்து சிலிகாவின் பெயர் நீங்கியது. ஆசியாவில் அப்படி நீங்கிய முதல் ஈரநிலம் அது. அதே ஆண்டு ஆணையத்துக்கு ராம்சர் ஈரநிலப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது.

மீன் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். 1,745 டன் என்ற அடிக்கணக்கு, ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கிய 1999-2000ஆம் ஆண்டுக்குரியது. அந்த ஆண்டை மட்டும் வைத்து ஏழு மடங்கு பெருகியது என்று சொல்வது உண்மையைக் கொஞ்சம் ஊதிச் சொல்வதாகும். சரி, அதைக் கழித்துப் பார்த்தாலும் பலன் உறுதியானதுதான். பிந்தைய ஆண்டுகளில் பிடிப்பு பெரும்பாலும் பத்தாயிரம் டன்னுக்கு மேலேயே நின்றது. ஒரு வருஷத்து அதிர்ஷ்டமாக இருந்தால் அப்படி நிற்காது.

டன் கணக்கு சொல்லாத இன்னொன்றும் உண்டு. எந்த அளவு மீன், எந்த வலையில், யார் கையில்? கொசுவலை அளவுக்குக் கண்ணுள்ள வலைகளைப் பெட்டி பெட்டியாகக் கட்டிவைத்துச் சின்ன இறாலையும் குஞ்சையும் வாரி எடுத்தாலும் தராசில் அது டன்தான். படகும் ஆளும் வலையும் பெருகியிருக்கும்போது மொத்தப் பிடிப்பு அப்படியே நிற்கிறது என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் போவது குறைந்திருக்கிறது என்று அர்த்தம். ஏரியை நம்பி 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மீனவ மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பங்கைச் சொல்லாத வெற்றிக் கணக்கை நான் அரைக் கணக்காகத்தான் எடுத்துக்கொள்வேன்.

மங்களாஜோடி

ஏரியின் வடக்கு ஓரத்தில் மங்களாஜோடி என்ற ஊர். சதுப்பும் நாணலுமான பகுதி. ஒரு காலத்தில் வேட்டைக்குப் பேர்போன இடம். விஷம் வைத்தும் வலை விரித்தும் துப்பாக்கியாலும் வாத்துகளைக் கொன்று விற்பது அங்கே பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. தொண்ணூறுகளின் கடைசியில் ஒடிசாவின் காட்டுயிர் ஆர்வலர்கள் ஊருக்குள் வந்து பேச ஆரம்பித்தார்கள். 2000ஆம் ஆண்டில் ஊர்க்காரர்களே சேர்ந்து மகாவீர் பறவைப் பாதுகாப்புக் குழுவைத் தொடங்கினார்கள். வேட்டைக்காரர்களாக இருந்தவர்களே காவலுக்குப் போனார்கள்.

இன்று அங்கே படகில் மோட்டார் கிடையாது. பின்னால் நின்று நீண்ட மூங்கில் கழியால் தள்ளுகிறார்கள். நாணலுக்கு நடுவே ஆள் அகலத்துக்கு ஒரு நீர்ப்பாதை. படகு போகும்போது இரண்டு பக்கமும் கைக்கெட்டும் தூரத்தில் நீலத் தாழைக்கோழி தண்டை ஒடித்துத் தின்றுகொண்டிருக்கும், எழுந்து ஓடாது. மீசை ஆலாக்கள் தலைக்கு மேலேயே திரும்பும். வழிகாட்டிகளில் சிலர் எந்தப் பறவை எந்தச் சத்தத்துக்கு எந்தப் பக்கம் எழும் என்று துல்லியமாகச் சொல்வார்கள். அந்தப் படிப்பு வேட்டையில் கற்றது.

இந்த மாற்றத்தை மனம் திருந்திய கதையாகச் சொல்வது வழக்கம். அது முழுக் கதை இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரை படகுக்கும் வழிகாட்டுதலுக்கும் கூலி கிடைப்பதால்தான் அது நிலைத்தது. மற்ற ஏழு மாதத்துக்கு மீனும் விவசாயமும் வேண்டும். ஊரில் எல்லா வீட்டுக்கும் படகு வருமானம் வருவதில்லை. பறவைகளைக் காக்கும் ஊருக்கு ஆண்டு முழுவதும் பிழைப்பு இருக்கிறதா என்று கேட்பது பாதுகாப்புப் பணியின் ஒரு பகுதிதான்.

தீராதவை

வெட்டிய வாய் வெட்டிய இடத்தில் நிற்கவில்லை. நிற்கவும் நிற்காது, மணலை வடக்கே தள்ளும் அலை இன்னும் அடித்துக்கொண்டுதானே இருக்கிறது. 2008இல் கபகுண்டா அருகே கடலே புதிதாக ஒரு வாயைத் திறந்தது. 2019 மே மாதம் ஃபானி புயல் பூரிக்கு அருகே கரை கடந்தபோது மணல்திட்டு மறுபடியும் உடைந்து புதிய வாய்கள் உண்டாயின. அதற்கு முன்பு 2013 அக்டோபரில் பைலின் புயல் கோபால்பூர் அருகே கரை கடந்து, பின்னால் வந்த வெள்ளத்தால் ஏரி நன்னீரில் நிறைந்தது. இவற்றைப் பார்க்கும்போது, சிலிகாவில் கருங்கல் கொட்டிக் கடல்சுவர் கட்டி வாயை ஒரே இடத்தில் நிறுத்தப் பார்க்காதது நல்ல முடிவு என்றே எனக்குப் படுகிறது. நகரும் மணலோடு சேர்ந்து போக வேண்டும், அப்புறம் ஆண்டுதோறும் அளந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த அளவீடு நின்றால் மற்ற எல்லாமும் நின்றுவிடும்.

கேரிகளை அகற்றப் பலமுறை நடவடிக்கை எடுத்தார்கள், 2016க்குப் பிறகு பெரிய அளவில். அகற்றிய இடங்களில் தண்ணீர் ஓடியது, ஓங்கில்கள் அந்தப் பக்கம் வந்தன. சில இடங்களில் வலைவேலிகள் மறுபடி முளைத்தன. ஏரியின் எந்தத் துறை யாருக்குச் சொந்தம், குத்தகை யார் பெயரில், மீனவச் சாதி அல்லாதவர்களுக்கு என்ன உரிமை என்பதெல்லாம் சட்டமாக முடிவு செய்யப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கும்வரை வேலி முளைக்கும். புல்டோசரும் படகுப் படையும் இதற்குத் தீர்வு தராது.

ஓங்கில்களுக்கு இன்று பெரிய ஆபத்து அவற்றைப் பார்க்க வருகிறவர்களிடமிருந்தே வருகிறது. நீண்ட தண்டில் சுழலும் விசிறி பொருத்திய மோட்டார் படகுகள் ஆழமில்லாத தண்ணீரில் அவற்றைச் சூழ்ந்துகொண்டு துரத்துகின்றன. முதுகில் வெட்டுக்காயத் தழும்போடு ஓங்கில்கள் தென்படுகின்றன. செவுள்வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் சாவதும் உண்டு. சுமார் 150 மட்டுமே உள்ள கூட்டத்தில் ஆண்டுக்குச் சில சாவுகள்கூடத் தாங்காது. எத்தனை படகு, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்ற கட்டுப்பாட்டைப் படகோட்டிகளின் சங்கங்களோடு பேசித்தான் அமல்படுத்த முடியும். அவர்களுடைய நாள்கூலி அதில் இருக்கிறது.

பழவேற்காட்டில் இருந்து பார்த்தால்

உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஒரே வரியில் பெயர் சொன்ன இரண்டு ஏரிகளில் இரண்டாவது நம்முடையது, ஆந்திராவோடு பகிர்ந்துகொண்டது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். அங்கும் முகத்துவாரம் மணலால் மூடிக்கொள்கிறது, அங்கும் மீனவர்கள் தோண்டச் சொல்லிக் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருக்கிறார்கள். பூநாரையும் மடவையும் இறாலும் அங்கும் உண்டு.

ஆனால் சிலிகாவைக் காட்டி இங்கும் வெட்டினால் போதும் என்று சொல்வது சரியாகாது. சிலிகாவுக்கு மகாநதி இருக்கிறது. பழவேற்காட்டுக்கு நன்னீர் தரும் ஆரணியாறும் காளங்கியும் பருவ ஆறுகள். ஆண்டில் பல மாதம் அவற்றில் தண்ணீரே இருக்காது. சிலிகாவின் அன்றைய நோய் உப்புக் குறைவு. பழவேற்காட்டில் மழை பொய்த்தால் ஏரி வற்றி உப்பு ஏறும். அங்கே வாய் அடைவதன் விளைவு ஒவ்வொரு ஆண்டும் மழையைப் பொறுத்து வேறுபடும். அதனால் வைத்தியமும் அங்கே எடுத்த அளவீடுகளிலிருந்துதான் வர வேண்டும்.

சிலிகாவிலிருந்து கொண்டுவர வேண்டியவை வேறு. ஏரி முழுவதற்கும் பொறுப்பான ஓர் அமைப்பு வேண்டும். பழவேற்காட்டில் இரண்டு மாநிலங்களின் சரணாலயங்கள் தனித்தனியே நடக்கின்றன, தண்ணீருக்கு மாநில எல்லை தெரியாது. மாதந்தோறும் ஒரே இடங்களில் உப்பு, ஆழம், குஞ்சு வரத்து ஆகிய மூன்றையும் அளந்து, மீனவர்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். மணலை வெட்டுவதற்கு முன் எங்கே வெட்டுவது என்று மாதிரியில் சோதிக்க வேண்டும். வாய் திறந்த பிறகு பெருகும் மீன் யாருக்கு என்பதை வெட்டும் முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சிலிகா இந்தக் கடைசி வேலையைத் தள்ளிப்போட்டது; கேரிகளை அகற்றுவதும் அவை மறுபடி முளைப்பதுமாக அதன் விலையை இன்னமும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.